தொகரி பேளே, ஒரு கிலோ

எஸ்.பி. ரோட்டில் எடைக்கு விற்கிறார்கள்
மூடிப்போன சூப்பர் மார்க்கெட்டின்
விலைச் சீட்டுகளை.
காகிதமில்லை, காகிதமாக நடிக்கும் திரை.
ஒருமுறை எழுதிவிட்டால் போதும்,
மின்சாரமே இல்லாமல்
சொன்னதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.
சாக்குக்குள் கைவிட்டேன்.
எண்ணெய், உளுந்து, பேபி சோப்பு.
கடை இன்னும் திறந்திருப்பதாக நம்பும்
ஐந்நூறு விலைகள்.
சம்பாலால் தராசில் போட்டார்:
நானூறு கிராம், நூற்றிருபது ரூபாய்.
மேலாகக் கிடந்தது
தொகரி பேளே, ஒரு கிலோ, ரூ. 164.

வீட்டில் காத்திருந்தது சாம்பல் நிற கேம் பெட்டி.
ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது.
யாரோ கார் கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு முழுக் கோடை மறந்து வைத்திருக்க வேண்டும்,
திரையின் நடுவே அப்பளம் தீய்ந்த மாதிரி ஒரு கருகல்.
பட்டன்களுக்கு மட்டும் ஒன்றுமில்லை.
அமுக்கினால் அதே பழைய 'டுக்'.

பகலில் ஒயிட்ஃபீல்டில் எனக்குச் சம்பளம்
மில்லிசெகண்டுகளைக் கொல்வதற்கு.
ஒரு சொடுக்குக்கும் அதன் பதிலுக்கும் நடுவே
பதினெட்டு இருந்ததைப் பதினொன்றாக்கினேன்,
கேக் வெட்டினார்கள்.
இரவில் முருகேஷ்பாளையாவில்
அதே கைகளால்
முந்நூறு மில்லிசெகண்ட் யோசிக்கிற திரையை
இருபத்து நான்கு மயிரிழைக் கம்பிகளில்
ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன்.
மூன்று வோல்ட் கேட்ட வாயில் ஐந்தைத் திணித்து
ஒரு சீட்டைக் கொன்றேன். பேபி சோப்பு.
நகவெட்டியின் அரத்தால் தேய்த்த விளிம்பு
தேங்காய்த் துருவல்போல் மேஜையெங்கும்.

பெட்டி வரைவது நூற்று நாற்பத்து நான்கு வரி.
சீட்டில் இருப்பது நூற்றிருபத்திரண்டு.
எங்கே வெட்ட?
கீழே வெட்டினால் தரை போகும்.
மேலே வெட்டினேன்.
ஆகவே என் ஆட்டத்தில்
கட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாது.
அடுக்கு உயர்ந்து உயர்ந்து
தோற்கிற இடமும்
தெரியாது.

கில்பர்ட் எட்டிப் பார்த்தான்.
நொடிக்கு இருநூற்று நாற்பது முறை
புதுசாகும் திரையில் சுட்டுப் பழகியவன்.
"இது கேமா, தபாலாடா?"
உண்மைதான். இதில் கட்டை இறங்குவதில்லை.
இங்கே இருக்கிறது,
அப்புறம் அங்கே இருக்கிறது.
இருந்த இடமெல்லாம்
டம்ளர் வைத்த வட்டம்போல் மங்கலாய் மிஞ்சுகிறது.
எல்லாவற்றுக்கும் அடியில்
எத்தனை முறை கறுத்து வெளுத்துத் துடைத்தாலும்
போகாத பருப்பு.

முதல் ஆட்டம் நாற்பது நொடி தாங்கினான்.
இரண்டாவது முப்பது.
"பார்த்துட்டு அமுக்காதே" என்றேன்,
"நீ பார்க்கிறது பழசு."
பிறகு அவன் பேசவில்லை.
கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது.
அவனுடைய கட்டைவிரல்கள்
கண்களைக் கலந்துகொள்ளாமல்
தாமாகவே எண்ணத் தொடங்கின.

இரண்டேகாலுக்குக் கத்தினான்.
இடது ஓரத்தில் நாலு வரி ஆழத்தில் ஒரு பள்ளம்,
அதற்கு நேர்மேலே, ஒரே வரி மேலே,
நெடுங்கட்டை.
அமுக்கினான். அமுக்கினான்.
பேட்டரி போயிருந்தது.

வேறு எந்தத் திரையும் இருண்டிருக்கும்.
இது எழுதியதை வைத்துக்கொண்டது.
உள்ளே சில்லு தன் கடைசித் துடிப்பில்
கட்டையை விட்டதா, பிடித்ததா?
அதற்கு மட்டும்தான் தெரியும்,
அது மறந்துவிட்டது.

பதினொரு நாளாக ஃப்ரிட்ஜ் மேல் நிற்கிறது.
இழுப்பறையில் நாலு பேட்டரி இருக்கிறது.
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நேற்றுக் குக்கருக்குத் தண்ணீர் அளந்தபடி
நிமிர்ந்து பார்த்தான்.
கட்டையைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.
"நூத்தி அறுபத்து நாலா?
அந்தக் கடை இருந்திருக்கலாம்டா."